நிகழ்ச்சி எண் ஒன்பது: மகிழ்ச்சி

மேடையின் மேல் நானும் சேலத்துத் தோழரும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். அவர் கையில் பாதி படித்த பேச்சு. என் இடது கையில் குடை, வலது கையில் நெசவாளர் சங்கத்தின் நடவடிக்கை நோட்டு. எதிரே கூட்டம் இல்லை. கூட்டம் உட்கார்ந்திருந்த மண் இருந்தது. அதன் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“எல்லோரும் எங்கே ஓடுகிறார்கள்?” என்று அவர் கேட்டார்.

“பாவு தூக்க ஓடுகிறார்கள்.”

“யாருடைய பாவு?”

“பத்து நிமிடத்துக்கு முன் நீங்கள் கருங்காலி என்று கண்டித்தீர்களே, அவருடைய பாவு.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் நான் எழுதவில்லை. இடம் இருந்தது. சொல் கிடைக்கவில்லை.

ஒரு திருத்தம்

சென்ற வாரம் காவிரிப் பாலத்தைப் பற்றி எழுதும்போது காப்பிக் கடை பவானிக் கரையில் இருந்ததாக எழுதிவிட்டேன். அது குமாரபாளையக் கரையில்தான் இருந்தது என்று மூன்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். மூவரும் சரி. அதில் ஒருவர், இப்படிப்பட்ட ஞாபகசக்தி உள்ளவர் நினைவுக் குறிப்புகள் எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

ஆகவே இந்த வாரம் ஞாபகத்தை நம்பவில்லை. சங்கத்தின் நோட்டு என் எதிரில் இருக்கிறது. அது ஏன் இன்னும் என்னிடம் இருக்கிறது என்று கேட்கக்கூடியவர்கள் யாரும் இப்போது இல்லை. நேரத்தை நிமிடம் தவறாமல் சொல்வேன். வருடத்தை மட்டும் கேட்காதீர்கள். யுத்தம் முடிந்திருந்தது, வெள்ளைக்காரன் போகவில்லை, அவ்வளவு போதும். அதற்கு மேல் சொன்னால் இதில் வருகிற முதலாளி யார் என்று ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவருடைய பேரன்கள் இந்த இதழின் சந்தாதாரர்கள்.

வெயிலில் நீண்ட கோல்

நான் நெசவாளி அல்ல. பத்திரம் எழுதுகிறவன். குமாரபாளையத்து நெசவாளர் சங்கம் என்னைக் காரியதரிசி ஆக்கியதற்கு என் கொள்கைப் பிடிப்பு காரணம் என்று சில வருடங்கள் நம்பியிருந்தேன். கையெழுத்துதான் காரணம் என்று தலைவர் முத்துசாமி பிற்பாடு சொன்னார்.

வேலைநிறுத்தம் ஒரு மரக்கோலால் வந்தது. முதலாளி நூல் கொடுப்பார்; நெசவாளி வீட்டில் நெய்து துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பார்; முதலாளி தம்முடைய கெஜக்கோலால் அளப்பார். ஒருநாள் செங்கோடன் என்கிற நெசவாளி, தாமும் ஒரு கோல் கொண்டுபோய், முதலாளியின் கோலுக்குப் பக்கத்தில் எல்லோர் முன்னிலையிலும் வைத்தார்.

“உங்க கோலு மூணு வெரக்கடை நீளமுங்க.”

முதலாளி கோலைப் பார்த்தார், செங்கோடனைப் பார்த்தார், வெளியே வெயிலைப் பார்த்தார். “வெயிலுக்கு நீண்டிருக்கும்” என்றார்.

மறுநாளிலிருந்து செங்கோடனுக்கு நூல் கிடையாது. செங்கோடனுக்கு நூல் தரும்வரை யாரும் நூல் வாங்குவதில்லை என்று சங்கம் தீர்மானித்தது. தீர்மானத்தை நான்தான் எழுதினேன். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

ஐந்து வாரம் தறிகள் சும்மா கிடந்தன. எல்லோர் வீட்டு அடுப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தது. முதலாளிக்கு ஒரே ஒரு பாவு தறி ஏறிவிட்டால் போதும். ஒன்று ஏறினால் மறுநாள் பத்து ஏறும். அப்புறம் அந்த ஊரில் செங்கோடன் தறியை விறகுக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இது அவருக்குத் தெரியும், அவர் மனைவி நல்லாயிக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

ஆறாவது வாரம் தொடங்கும்போது இராசப்பன் போய் நூல் வாங்கிவிட்டார். நாலு குழந்தைகள், கண் தெரியாத தாயார். “தறி சும்மா கெடந்தா எனக்கு ஒறக்கம் வரதில்லீங்க” என்று என்னிடம் சொன்னார். அதை நோட்டில் எழுதி, எதிரே ‘ஏற்கத்தக்க காரணம் அல்ல’ என்று குறித்தேன். எனக்கு நன்றாக உறக்கம் வந்துகொண்டிருந்தது.

சுற்றறிக்கை

இந்தச் சமயத்தில் மே தினம் வந்தது. அதற்கு முன்னால் சேலத்து ஜில்லாச் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மே தினக் கூட்டங்களில் கண்டனமும் கோரிக்கையும் மட்டும் இருந்தால் போதாது. உழைப்பாளிகளின் கூட்டு மகிழ்ச்சியும் வெளிப்பட வேண்டும். அது வெளிப்பட்டதா என்பதைக் கூட்டம் முடிந்த ஏழு நாளுக்குள் அறிக்கையாக அனுப்ப வேண்டும்.

கமிட்டியில் இதை வாசித்தேன்.

“மகிழ்ச்சீன்னா எப்படிங்க? மிட்டாய் குடுக்கறதா?” என்றார் முத்துசாமி.

அந்தக் கேள்வி எனக்கு ஒரு பழைய விஷயத்தை ஞாபகப்படுத்தியது. நான் நாலாவது படிக்கும்போது சக்கரவர்த்திக்கு ஏதோ ஒரு விழா. அவர் லண்டனில் இருந்தார். நாங்கள் திருச்செங்கோட்டில் வெயிலில் வரிசையாக நின்றோம். வாத்தியார் பிரம்பை உயர்த்தினால் சந்தோஷக் கூச்சல் போட வேண்டும். இறக்கினால் நிறுத்த வேண்டும். முதல் தடவை போதவில்லை என்று மூன்று தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை எங்கள் சந்தோஷம் திருப்திகரமாக இருந்தது. ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கிடைத்தது. என்னுடையது உறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால் உறையோடு தின்றேன்.

சக்கரவர்த்திக்கு எதிராக நாங்கள் சங்கம் வைத்திருந்தோம் என்பதை வாசகர்கள் மறக்கக் கூடாது. அவருடைய முறையை மட்டும்தான் எடுத்துக்கொண்டோம்.

செங்கோடன் ஒரு யோசனை சொன்னார். “தேரு இழுக்கறாப்புல இருக்கோணுமுங்க. ஆருன்னு பாக்காம கைய வெக்கறமில்ல, அந்தாட்ட.”

தேர் பழமைவாதம் என்று நான் சொன்னேன். கும்மி அடிக்கலாம் என்று நல்லாயி வாசலில் நின்றபடியே சொன்னாள். அதையும் பழமைவாதம் என்று எழுதிக்கொண்டேன். கடைசியில் சேலத்திலிருந்து அச்சடித்து வந்த பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடுவது என்று முடிவாயிற்று. அதில் ஒவ்வோர் அடியும் ‘விழிப்புற்றனர்’ என்று முடியும். நாலு நாள் ஒத்திகை பார்த்தோம். ஒரு தடவைகூட நாற்பது பேரும் சேர்ந்து விழிப்புறவில்லை. முன்வரிசை விழித்து முடித்த பிறகு பின்வரிசை விழிக்கும்.

நிகழ்ச்சி நிரலை நான் தயாரித்தேன். மொத்தம் பதினொன்று. ஒன்பதாவது இப்படி இருக்கிறது: ‘மகிழ்ச்சி. 5.10 முதல் 5.25 வரை.’

பாவடி

கூட்டத்துக்கு ஊரில் இருந்த ஒரே வெட்டவெளி பாவடிதான். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: துணியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதை முப்பது நாற்பது கெஜ நீளத்துக்கு வெளியில் நீட்டி, கவைக்கால்களின் மேல் இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிட வேண்டும். அதற்கான மைதானம் பாவடி.

கஞ்சி காய்வதற்குள் மழை பெய்தால் பாவு போயிற்று. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கயிறாகிவிடும். அதை ஓர் ஆள், நாலு ஆள் தூக்க முடியாது. இரண்டு கெஜத்துக்கு ஒருவராக இரண்டு பக்கமும் நின்று, ஒரே சமயத்தில் உயர்த்தி, ஒரே அடியாக நடக்க வேண்டும். ஆகவே பாவடியில் ஒரு வழக்கம் உண்டு. துளி விழுந்தால் அங்கே இருக்கிற அத்தனை கையும் பாவுக்கு. யாருடைய பாவு என்று கேட்பதில்லை. தாயாதிச் சண்டையில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருப்பவர்கள்கூட அந்த நேரத்தில் எதிரெதிரே நின்று பிடிப்பார்கள். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு மறுபடி பேசாமல் போவார்கள்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியும். நிகழ்ச்சி நிரல் எழுதும்போது ஞாபகம் வரவில்லை.

காலை வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலையை இராசப்பன் அன்று மாலையில் செய்தார். உள்ளூரில் அவருக்குக் கை கொடுக்க ஆள் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் பவானியிலிருந்து மாமனார், மைத்துனர் என்று நாலைந்து பேர் வந்துசேர மதியம் ஆகிவிட்டது. பாவடியின் கிழக்குக் கோடியில் எங்கள் மேடை. மேற்கே அவருடைய பாவு. நடுவில் மே தினம்.

மழை

கூட்டம் 4.00 மணிக்கு என்று போட்டிருந்தேன். 4.35க்குத் தொடங்கியது. சேலத்துத் தோழர் கருங்காலிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது எல்லோரும் திரும்பி இராசப்பனைப் பார்த்தார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல் கஞ்சி தேய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மாமனார் மட்டும் நிமிர்ந்து, பேச்சை நன்றாகக் கேட்பதற்காகக் காதில் கையை வைத்துக்கொண்டார்.

கோடை மழை முன்னறிவிப்பு கொடுத்து வருவதில்லை. 5.08க்குக் காற்று அடித்தது. 5.10க்கு முதல் துளி பந்தலுக்கு அடியில் சாய்ந்து வந்து என் நோட்டில் விழுந்தது. நிரல்படி அப்போது மகிழ்ச்சி தொடங்க வேண்டும். “பாட்டு” என்று தலைவருக்குச் சைகை காட்டினேன். தலைவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் எழுந்தவள் நல்லாயி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், ஓடினாள். யாருடைய பாவு தறி ஏறினால் தன் புருஷன் பிழைப்பு போகுமோ, அந்தப் பாவை நோக்கி. அவளுக்குப் பின்னால் செங்கோடன். அப்புறம் கூட்டம் முழுவதும்.

தலைவர் முத்துசாமி மேடையிலிருந்து குதித்தார். அவருக்கு வயது அப்போது அறுபதுக்கு மேல். ஏறும்போது இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றியிருந்தார்கள். நாலு பேர் திரும்பி ஓடி வந்தார்கள். மனம் மாறிவிட்டார்கள் என்று நினைத்தேன். “காலைத் தூக்குங்க தோழர்” என்று சேலத்துத் தோழரிடம் சொல்லி, அவர் காலுக்குக் கீழேயிருந்த ஜமுக்காளத்தை உருவிக்கொண்டு போனார்கள். பாவை மூட வேண்டுமாம். அடுத்து மேலேயிருந்த பந்தல் துணியையும் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகுதான் நான் குடையை விரித்தேன்.

மேடையில் கட்டியிருந்த செங்கொடியின் சாயம் பாவில் இறங்கிவிட்டது என்று பிற்பாடு ஒரு கதை ஊரில் உலவியது. அது தவறு. கொடியை யாரும் தொடவில்லை. அது என் தோளில்தான் சாயம் இறக்கியது.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் இப்படி இருந்தது:

“ஏனுங் கருங்காலி மாமா, வெரசா அவுருங்க முடிச்சை.”

“அவுக்கறஞ் சாமி, முடிச்சு நனைஞ்சு இறுகிருச்சு.”

“கஞ்சியா காச்சியிருக்கீங்க? ஒழுகுது. சங்கத்துல கேட்டிருந்தா நாங்க காச்சிக் குடுத்திருப்பமல்ல.”

“எல்லாரும் புடிச்சாச்சா? தலைவரே, நீங்க பாவைப் புடிங்க, என்னையப் புடிக்காதீங்க.”

செங்கோடன் குரல் கொடுத்தார். “தூக்கு சாமி, தூக்கு.” மற்றவர்கள், “மெல்ல சாமி, மெல்ல.” அவர் ஒத்திகையில் வாய் திறக்காத மனிதர். நாற்பது கெஜப் பாவு தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஒரே சமயத்தில் எழுந்தது. எண்பது கால்கள் சேற்றில் ஒரே அடியாக நகர்ந்தன. மேற்கோரத்தில் பருத்தி மண்டியின் தகரக் கொட்டகை. அங்கேதான் போக வேண்டும். நடுவழியில் யாரோ ஒரு பெண், அடி பிசகாமல் இருப்பதற்காக, “விழிப்புற்றனர்” என்றாள். ஒரு சிரிப்பு வெடித்தது. அப்புறம் ஒவ்வோர் அடிக்கும் அத்தனை பேரும் விழிப்புற்றனர். ஒருவர்கூடப் பின்தங்கவில்லை.

பாவை உள்ளே வைத்து, பந்தல் துணியாலும் ஜமுக்காளத்தாலும் மூடிய பிறகும் அவர்கள் திரும்பவில்லை. தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேல் கை தட்டுகிற சத்தம் கேட்டது. பெண்கள் கும்மி சுற்ற ஆரம்பித்திருந்தார்கள். நடுவில் தலைவர் முத்துசாமி, வேட்டியெல்லாம் சேறு, கையை ஆட்டிக்கொண்டு நின்றார். கருங்காலியின் மாமனார் எங்கள் தலைவரைத் தூக்க முயன்று, இருவரும் விழுந்தார்கள். இராசப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அழுதார் என்று சிலர் சொன்னார்கள். அவ்வளவு மழையில் அது தெரியாது. ஆகவே நான் குறிக்கவில்லை.

“வர்க்க உணர்வு இந்த ஊரில் மழைக்குத் தாங்காது” என்றார் சேலத்துத் தோழர். எழுதிக்கொண்டேன். அவருக்கு 6.15 பஸ். நான் அவரை நனையாமல் பஸ் ஏற்றிவிட்டேன்.

விளக்கம் கேட்டல்

மறுநாள் காலை, கூட்டத்தை விட்டு வெளியேறியவர்களிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்று தலைவரிடம் போனேன்.

“நானுந்தான் ஓடுனேன். ஆரு ஆருகிட்டக் கேக்கறது?” என்றார். “ஓடாதவரு நீங்க ஒருத்தருதான். போய்க் கேளுங்க.”

செங்கோடன் வீட்டுக்கு முதலில் போனேன். மழையில் தூக்கிய பாவு காய்ந்துவிட்டது, இன்று தறி ஏறும் என்று வழியிலேயே கேள்விப்பட்டேன். ஐந்து வார வேலைநிறுத்தத்தை முறிக்கப்போகிற பாவை எங்கள் ஆட்களே தூக்கிக் கொட்டகையில் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்திருந்தார்கள். கோபத்தில் என் கையெழுத்துகூட அன்று சற்றுச் சாய்ந்திருந்தது.

செங்கோடன் காலித் தறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்லாயி, “நோட்டீசுங்களா? படிங்க, கேப்பம்” என்றாள்.

‘கூட்டம் நடந்துகொண்டிருக்கையில் அனுமதியின்றி வெளியேறியது குறித்து’ என்று வாசித்தேன்.

“பாவு நனையறப்ப அனுமதி ஆருகிட்டக் கேக்கறதுங்க? மழைகிட்டயா?”

அப்போது வாசலில் இராசப்பன் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“நல்லாயி, நேத்து நீதான் சாமி மொதல்ல ஓடியாந்தே. ஒரு ஒத்தாசை. அந்தப் பாவைப் பிணைச்சுக் குடுத்துரு.”

புதுப் பாவைத் தறியில் ஏற்ற, பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புது இழையைச் சேர்த்து விரலால் முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அதைப் பிணைக்கிற பெண்கள் ஊரில் நாலு பேர். நால்வரும் நல்லாயி சொன்னால்தான் உட்காருவார்கள். பவானி உறவினர்கள் ஜமுக்காள நெசவாளிகள். தடித்த நூலில் பழகிய கை.

நல்லாயி உடனே பதில் சொன்னாள். யோசித்த மாதிரி தெரியவில்லை.

“மழைக்குத் தூக்கறது வேறைங் மாமா, தறிக்குப் பிணைக்கறது வேறை. நாளைக்கு மழை வந்தாலும் ஓடியாருவேன். தறியில ஏத்தறதுன்னா, மொதல்ல எங்க ஊட்டுக்கு நூலு வரட்டும்.”

“அப்பறம் ஏன் நேத்து அப்படிச் சிரிச்சே?”

அவள் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். “சிரிக்கோணும்னு சங்கத்துல எழுதியிருந்தாங்களே.”

இராசப்பன் சிரித்துவிட்டார். சிரித்தபடியே வாசற்படியில் உட்கார்ந்தார். செங்கோடன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்து, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அத்தன பேரு கைவெச்ச பாவு. தனியா உக்காந்து எப்படி நெய்யறது” என்றார். கேள்வியாக அல்ல. மதியம் அந்தப் பாவைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டுபோய் முதலாளியின் கடையில் இறக்கிவிட்டார். “பிணைக்க ஆளில்லீங்க” என்று மட்டும் சொன்னாராம்.

அந்த வாரக் கடைசியில் செங்கோடனுக்கு நூல் வந்தது. முதலாளியின் பழைய கோல் கை தவறி விழுந்து உடைந்துவிட்டதாகச் சொன்னார்கள். புதுக் கோல் எந்த வெயிலுக்கும் நீளவில்லை. செங்கோடன் வீட்டுப் பாவை நல்லாயி பிணைத்தாள். அது முடிந்ததும் இராசப்பன் வீட்டுப் பாவையும் பிணைத்தாள்.

ஆனால் அன்று காலை நான் கிளம்பும்போது அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். நோட்டீசை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“நேத்து நீங்க ஏனுங் வரலே? தலைவருக்குப் பக்கத்துல ஓராளு எடம் காலியாத்தான் இருந்துச்சு.”

“நோட்டு நனைந்துவிடும்” என்றேன்.

“ஆமாங்க, நோட்டு இருக்குதல்ல” என்றாள். கேலி இல்லை. உண்மையாகவே ஒப்புக்கொண்டாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அறிக்கை

ஏழு நாள் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பாகவே சேலத்துக்கு அறிக்கை அனுப்பினேன். பதினொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனிக் குறிப்பு. அறிக்கை தெளிவாக இருப்பதாகவும், மற்ற ஊர்க் காரியதரிசிகள் இதைப் பின்பற்ற வேண்டும் என்றும் பதில் வந்தது. அந்தக் கடிதமும் நோட்டுக்குள் இருக்கிறது.

இதை எழுதுவதற்காக ஒன்பதாவது குறிப்பைத் திறந்து பார்த்தேன். ‘மகிழ்ச்சி. நடைபெறவில்லை. காரணம்: மழை.’ முதல் துளி விழுந்த இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் இருக்கிறது. அதற்குப் பின் நான் குடையை விரித்துவிட்டேன். மற்றபடி பக்கம் முழுவதும் சுத்தமாக இருக்கிறது. ஓர் எழுத்துகூடக் கலையவில்லை.